‘செக்’ என்னும் சொல்: பாரசீக அரசனிலிருந்து வங்கிக் காசோலை வரை

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்குள் வந்து நிலைத்துவிட்ட சொற்களில் ‘செக்’ என்பதைப்போல் பல வேலை பார்க்கும் சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. வங்கியில் கையெழுத்திட்டுக் கொடுப்பது செக். கட்டம் போட்ட சட்டையும் செக். மாநில எல்லையில் லாரிகள் வரிசையில் நிற்கும் இடம் செக்போஸ்ட். பேருந்தில் இடையில் ஏறி டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். உடம்புக்குச் செய்துகொள்வது செக்கப். சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக்தான். இத்தனை பொருள்களும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தன என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பல பொருள் தரும் ஒரு சொல் என்பது தமிழுக்குப் புதிய கருத்தன்று. நம் நிகண்டுகளில் ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி’ என்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் நிகண்டும் சரி, இன்றைய அகராதியும் சரி, பொருள்களை 1, 2, 3 என்று அடுக்கித் தருமே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிப் பிறந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வெவ்வேறு வேர்களிலிருந்து வந்த இரண்டு சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியைப் பெற்றுவிடுவது ஒரு வகை. கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் ‘பேட்’, வௌவாலைக் குறிக்கும் ‘பேட்’ ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. அவற்றுக்குள் உறவு கிடையாது. ஒரே சொல் காலப்போக்கில் கிளை விட்டுப் பல பொருள் பெறுவது மற்றொரு வகை. ‘செக்’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. செக் குடியரசின் பெயர் ஒரு ஸ்லாவிய இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. எண்ணெய் ஆட்டும் செக்கு நம் ஊர்ப் பொறி. இவ்விரண்டையும் ஒலி ஒற்றுமை கருதி இக்கதைக்குள் சேர்த்துவிடக் கூடாது.

கதை பாரசீகத்தில் தொடங்குகிறது. பாரசீக மொழியில் ‘ஷா’ என்றால் அரசன். அச்சொல்லின் மிகப் பழைய வடிவத்தை, கி.மு. 520-ஐ ஒட்டிய காலத்தில் மாமன்னன் தாரியஸ் இன்றைய ஈரானின் பெகிஸ்தூன் மலைப்பாறையில் வெட்டுவித்த கல்வெட்டில் காணலாம். தன்னை ‘க்ஷாயதிய’ என்றும் அரசர்களுக்கு அரசன் என்றும் அவன் அதில் அறிவித்துக்கொள்கிறான். ஆளுதல் என்னும் பொருளுடைய இதன் வேரும், சமஸ்கிருதத்தில் ஆட்சியைக் குறிக்கும் ‘க்ஷத்ர’ என்னும் சொல்லின் வேரும் ஒன்றே. ஆகவே தமிழில் நாம் ‘சத்திரியர்’ என்று எழுதும் சொல், ‘செக்’ என்னும் சொல்லுக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு பங்காளி.

அரசனைக் குறித்த சொல் ஆங்கிலம் வரை பயணம் செய்ததற்குக் காரணம் போரோ வணிகமோ அன்று, ஒரு விளையாட்டு. கி.பி. 6-ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம் பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரேபியர் பாரசீகத்தை வென்றபின் அது அவர்கள் வாயில் ‘ஷத்ரஞ்ச்’ என்று மாறியது. எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகும்போது அதை வாய்விட்டு அறிவிக்க வேண்டும் என்பது ஆட்ட மரபு, “ஷா!” என்று சொல்வார்கள். “உன் அரசனைப் பார்த்துக்கொள்” என்பதே அதன் கருத்து. அரசன் தப்ப வழியில்லாமல் போனால் “ஷா மாத்” என்று ஆட்டம் முடியும். ‘மாத்’ என்பதற்கு அரபியில் ‘இறந்தான்’ என்று பொருள் கொண்டு, ‘அரசன் இறந்தான்’ என விளக்குவது வழக்கம். பாரசீகத்தில் அது ‘செய்வதறியாது நின்றான்’ என்ற பொருளையே தரும் என்பாரும் உண்டு. சதுரங்கத்தில் அரசனைக் கொன்று எடுப்பதே கிடையாது, அகப்பட்டு நிற்பதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இரண்டாவது விளக்கமே ஆட்டத்தின் இயல்புக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின் வழியாகவும் இத்தாலியின் தென்பகுதி வழியாகவும் ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது, அந்த ‘ஷா’ என்னும் கூவல் இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’ என்றும் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் உருமாறியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சே கோலோச்சியது. அந்த வழியில் ‘எஸ்செக்’ ஆங்கிலத்துக்கு வந்து முதல் அசையை இழந்து ‘செக்’ ஆயிற்று. அதன் பிரெஞ்சுப் பன்மை வடிவமே ‘செஸ்’ ஆயிற்று. அதாவது செக், செஸ் ஆகிய இரண்டும் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும். விளையாட்டின் பெயரே ‘அரசர்கள்’ என்பதுதான். ஜெர்மானியர் ‘ஷாக்’ என்பதும், இத்தாலியர் ‘ஸ்காக்கி’ என்பதும், ‘ஷா மாத்’ முழுவதையும் தக்கவைத்துக்கொண்டு ரஷ்யர் ‘ஷாக்மத்தி’ என்பதும் இதே மூலத்திலிருந்து வந்தவை. ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் மட்டும் ‘ஷத்ரஞ்ச்’ என்ற ஆட்டப் பெயரையே எடுத்துக்கொண்டன. அவ்வகையில் நம் ‘சதுரங்கம்’ என்ற சொல் அம்மொழிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலத்தில் 1300-ஐ ஒட்டிய காலத்தில் இச்சொல் சதுரங்கச் சொல்லாக மட்டுமே வழங்கியது. அடுத்த நூறாண்டுக்குள் அது பலகையை விட்டு வெளியே வந்தது. அரசனுக்குச் செக் வைக்கப்பட்டால் ஆட்டக்காரர் தம் திட்டங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அந்தத் தாக்குதலுக்கு விடை சொல்லியாக வேண்டும். வேறு நகர்வுக்கு அவருக்கு உரிமை இல்லை. இந்தக் கட்டாய நிறுத்தமே ‘தடுத்தல், அடக்குதல், திடீரென நிறுத்துதல்’ என்ற பொதுப் பொருளுக்கு வித்திட்டது. வேட்டை நாய்கள் மோப்பத்தைத் தவறவிட்டுத் திகைத்து நிற்பதை ஆங்கிலேயர் செக் என்றார்கள். அரசின் ஓர் அங்கம் வரம்பு மீறாதபடி மற்றோர் அங்கம் தடுக்கும் ஏற்பாட்டை, அமெரிக்க அரசமைப்பு உருவான 1787-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த விவாதங்கள் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்ற தொடரால் பரவலாக அறியச் செய்தன. பிரெஞ்சு மொழியோ வேறு வழியில் போயிற்று: அங்கே இன்று அச்சொல்லின் ஒருமைக்குத் ‘தோல்வி’ என்று பொருள், பன்மைக்குச் சதுரங்கம் என்று பொருள். தாக்கப்பட்டவனின் நிலையைப் பிரெஞ்சு பிடித்துக்கொண்டது. தாக்குதல் உண்டாக்கும் தடையை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. நம் நாளிதழ்கள் ஓர் அரசியல் தலைவர் மற்றொருவருக்கு ‘செக் வைத்தார்’ என்று எழுதும்போது இரண்டு நிழலும் அதில் விழுகின்றன.

தடுத்தலிலிருந்து சரிபார்த்தலுக்கு வந்தது எப்படி என்பதுதான் இக்கதையின் முடிச்சு. அதை அவிழ்க்க இங்கிலாந்து அரசரின் கருவூலத்துக்குள் சென்றாக வேண்டும்.

சதுரங்கப் பலகையைப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்றார்கள். லத்தீனில் அது ‘ஸ்காக்காரியம்’. 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் ஹென்றியின் ஆட்சியில் அரசின் வரவு செலவுக் கணக்கைத் தீர்க்கும் அவைக்கும் இதே பெயர் அமைந்தது. ஆங்கிலத்தில் அது ‘எக்ஸ்செக்கர்’. காரணம், அந்த அவை கூடியது கட்டம் போட்ட ஒரு மேசையைச் சுற்றி. இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170-களின் இறுதியில் தம் அலுவலகத்தின் நடைமுறையை ஆசிரியர் மாணவர் உரையாடலாக லத்தீனில் எழுதிவைத்ததால், அம்மேசை எப்படி இருந்தது என்பது நமக்கு நன்றாகவே தெரிகிறது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம்; மேலே வைத்தது கீழே உருளாதபடி நான்கு விரல் உயரத்துக்கு ஓரவிளிம்பு; அதன்மேல் ஈஸ்டர் பருவத்தில் வாங்கப்பட்ட கறுப்புத் துணி; துணியில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இங்கே கருவூலத் தலைவரும், கணக்குச் சொல்ல வந்த மாவட்ட அதிகாரியான ஷெரிஃப்பும் மோதுகிறார்கள் என்று பெயர்க் காரணத்தையும் அவரே விளக்குகிறார்.

துணியின் கோடுகள் அலங்காரத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. அக்காலத்தில் இங்கிலாந்தில் கணக்கு ரோமன் எண்களில் எழுதப்பட்டது. பூஜ்யமும் இட மதிப்பும் இல்லாத அந்த எண்களைக் கொண்டு தாளில் கழித்தல் போடுவது பெரும்பாடு. கட்டங்கள் அந்த இட மதிப்பைக் கொடுத்தன. வலக்கோடியில் பென்னி, அடுத்து ஷில்லிங், அதற்கடுத்து பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று பத்திகள் அமைந்தன. ஒரு ஷெரிஃப் 243 பவுண்டு கட்ட வேண்டியவர் என்று கொள்வோம். மேல் வரிசையில் நூறுக்கு இரண்டு காய், இருபதுக்கு இரண்டு காய், பவுண்டுக்கு மூன்று காய் வைப்பார்கள். அவர் செலுத்தியது 160 பவுண்டு என்றால் கீழ் வரிசையில் நூறுக்கு ஒன்றும் இருபதுக்கு மூன்றும் வைக்கப்படும். மேலேயுள்ள இரண்டு இருபதுகளிலிருந்து மூன்றை எடுக்க முடியாது; எனவே ஒரு நூறை எடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஐந்து இருபதுகளை வைத்துக் கழிப்பார்கள். எஞ்சுவது நான்கு இருபதும் மூன்று பவுண்டும், அதாவது 83. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃப்பும் தம் கண்முன் நகரும் காய்களைப் பார்த்துத் தம் பாக்கியைத் தெரிந்துகொள்ள முடிந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பொதுப் பணத்தின் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் பரப்பிவைத்தார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பையும் மதிப்பையும் தருகிறது. பிரிட்டனின் நிதி அமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றே அழைக்கப்படுகிறார். சதுரங்கப் பலகையின் பெயர் அவர் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே அவையில் பற்றுச்சீட்டுக்குப் பதிலாக வழங்கிய மரக்குச்சிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். செலுத்திய தொகைக்கு ஏற்ப வெவ்வேறு அகலத்தில் குச்சியில் வெட்டுகள் இடுவார்கள்; ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல் பருமன், இருபதுக்குச் சுண்டுவிரல் பருமன். பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைச் செலுத்தியவருக்குக் கொடுத்து, மறுபாதியைக் கருவூலத்தில் வைத்துக்கொள்வார்கள். ஐயம் எழும்போது இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் போதும். யாராவது வெட்டைக் கூட்டியோ குறைத்தோ இருந்தால் வெளிப்பட்டுவிடும். இம்முறை 1826 வரை நீடித்தது. பயனற்றுக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ கட்டுக்கடங்காமல் பரவி, நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

ஒரு கணக்கை அதன் மறுபாதியோடு ஒப்பிடுவதன் நோக்கம் கையாடலைத் தடுப்பது. தடுப்பது நோக்கம், ஒப்பிடுவது வழி. ‘தடு’ என்னும் பொருளுடைய செக், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கணக்கரைக் கட்டுப்படுத்துவதற்காக அவர் கணக்கை வேறொரு பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு நோக்கம் பின்னுக்குப் போய் வழி மட்டும் நின்றது. எதையும் சரிபார்ப்பது செக் ஆயிற்று. செக்கப், செக்கிங், சரிபார்த்ததற்கு அடையாளமாக அமெரிக்கர் இடும் செக்மார்க் ஆகியவை எல்லாம் இந்தக் கிளையில் வந்தவை. பொருளை ஒப்படைத்துப் பெற்றுக்கொள்ளும் அடையாளச் சீட்டையும், உணவகத்தில் தரும் பில்லையும் அமெரிக்கர் செக் என்பதும் இதனாலேயே. நம் சோதனைச்சாவடியான செக்போஸ்ட்டில் இரண்டு பொருளும் ஒருங்கே நிற்கின்றன: வண்டியைத் தடுக்கவும் செய்கிறார்கள், ஆவணத்தைச் சரிபார்க்கவும் செய்கிறார்கள்.

இந்த மாற்றம் இயல்பானதுதானா என்று ஐயுறுபவர் ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். அது பழைய பிரெஞ்சில் ‘எதிர்ச்சுருள்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. தோல்சுருளில் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த இரட்டைப் படியே அந்த எதிர்ச்சுருள். ஆகவே கன்ட்ரோல் என்றால் முதலில் சரிபார்த்தல். பின்னர்தான் அடக்குதல், கட்டுப்படுத்துதல். செக் அடக்குதலில் தொடங்கிச் சரிபார்த்தலுக்கு வந்தது. கன்ட்ரோல் சரிபார்த்தலில் தொடங்கி அடக்குதலுக்குப் போயிற்று. ஒரே பாதையில் இரண்டு சொற்கள் எதிரெதிராக நடந்திருக்கின்றன. இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரது ஆங்கிலப் பதவிப் பெயரில் உள்ள ‘கம்ப்ட்ரோலர்’ என்பது அந்த எதிர்ச்சுருள்காரரின் பெயர்தான்.

வங்கிச் செக்கின் பெயர் இதற்குப் பிறகே வருகிறது. பணம் கொடுக்கும்படி வங்கியாளருக்கு எழுதும் சீட்டு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. லண்டனில் மாரிஸ், கிளேட்டன் என்ற இரு வங்கியாளர் பேரில் 400 பவுண்டுக்கு எழுதப்பட்ட ஒன்று இன்றும் உள்ளது. அதன் தேதி 1659 பிப்ரவரி 16; அக்காலத்தில் ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், நம் கணக்கில் அது 1660. அப்போது அதற்குச் செக் என்ற பெயர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது பணச்சீட்டின் அடிக்கட்டையையே குறித்தது. போலிச் சீட்டு வந்தால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுத் தடுக்கலாம் அல்லவா? மரக்குச்சியின் மறுபாதி செய்த அதே வேலையை இப்போது தாள் செய்தது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து 1717-இல் அச்சிட்ட படிவங்களைக் கொடுக்கத் தொடங்கியது. காலப்போக்கில் அடிக்கட்டையின் பெயர் சீட்டின்மேலேயே ஏறிவிட்டது.

பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் வங்கிச் செக்குக்கு மட்டும் ஆங்கிலத்தில் check என்பதற்குப் பதிலாக cheque என்ற வேறு எழுத்துக்கூட்டல் வழங்குவது இதன் தொடர்ச்சி. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வங்கியாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், பிற செக்குகளோடு குழம்பாமல் இருக்கவும், அரச கருவூலமான எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகவும் தாம் அந்த வடிவத்தைத் தேர்ந்துகொண்டதாக விளக்கினார். அமெரிக்கர் பழைய எழுத்துக்கூட்டலையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலையே கொண்டது. பணமில்லாமல் செக் திரும்பி வழக்குக்குப் போகும்போது எல்லாரும் சொல்லும் 138-ஆம் பிரிவு இச்சட்டத்தில் உள்ளதுதான். 1988-இல் செய்த திருத்தத்தால் அது சேர்க்கப்பட்டது.

இனி எஞ்சியிருப்பது துணி. எக்ஸ்செக்கர் பெற்ற பலகைப் பெயரே கட்டம் கட்டமான எந்த வடிவத்துக்கும் ஆகிவந்தது. கார்ப் பந்தய முடிவில் அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி, அமெரிக்கர் அதே பலகையில் ஆடும் செக்கர்ஸ் ஆட்டம், நல்லதும் கெட்டதும் மாறிமாறி வரும் வாழ்க்கையைச் சுட்டும் ‘செக்கர்ட்’ என்னும் ஆங்கில அடைமொழி ஆகியவை இவ்வாறு வந்தன. போர்த்துக்கீசியத்தில் சதுரங்கத்தைக் குறிக்கும் ‘ஷத்ரேஸ்’ என்ற சொல்லும், செக் என்ற சொல்லோடு தொடர்பில்லாமல் தனியாகவே, கட்டம் போட்ட துணி என்ற பொருளையும் பெற்றிருக்கிறது. பேச்சுவழக்கில் சிறையையும் அது குறிக்கும். பலகையைப் பார்த்த கண்ணுக்கு எங்கும் ஒரே நினைவுதான் வந்திருக்கிறது போலும்.

இந்தக் கிளையில் தமிழகத்துக்கும் நேரடியான பங்கு உண்டு. சோழமண்டலக் கரை நெசவாளர் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்ற பெயரில் உலகச் சந்தையில் நிலைத்தது. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய அத்துணியை, நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்கள் வாங்கி, அதன் இழைகளில் சிலவற்றை மட்டும் கூர்க்கத்தியால் அறுத்து உருவியெடுத்து, கட்டங்களுக்கு நடுவே புதிய உருவங்களைத் தோற்றுவிப்பார்கள்; சடங்குகளில் உடுத்தும் மதிப்புமிக்க உடை அது. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையின் பெருங்கட்டங்களை நாம் கட்டம் என்றே சொல்கிறோம். சட்டைத் துணி வாங்கும்போது மட்டும் செக் என்கிறோம்.

கடைசியாக ஓர் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். வங்கிச் செக்கின் பெயர் அரபியின் ‘ஸக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒலியும் பொருளும் நெருங்கி நிற்பதால் நம்பத் தோன்றும். இடைக்கால இஸ்லாமிய வணிக உலகில், பணம் தர ஒப்புக்கொண்டு எழுதும் ஆவணத்துக்கு அப்பெயர் வழங்கியது உண்மை. ஆனால் சொல்லின் பிறப்பை முடிவு செய்ய ஒலி ஒற்றுமை போதாது. ஒரு வடிவத்திலிருந்து அடுத்த வடிவத்துக்கு அது சென்ற தடம் எழுத்தில் இருக்க வேண்டும். சதுரங்கத்திலிருந்து தடுத்தலுக்கும், தடுத்தலிலிருந்து ஒப்பிடலுக்கும், ஒப்பிடலிலிருந்து அடிக்கட்டைக்கும், அடிக்கட்டையிலிருந்து காசோலைக்கும் அந்தத் தடம் ஆங்கில ஆவணங்களிலேயே கிடைக்கிறது. அதனால் பெரும்பாலான அகராதிகள் இந்த வழியையே ஏற்கின்றன. அரபிச் சொல் செக்கின் மூதாதை அன்று என்றாலும், அதன் பன்மையான ‘சுக்கூக்’, வட்டி தவிர்த்த இஸ்லாமிய நிதிப் பத்திரங்களின் பெயராக மலேசியா முதலிய நாடுகளின் சந்தைகளில் இன்று பெரும் புழக்கத்தில் இருக்கிறது.